ஓக்குக்கு ஜோக், பாமுக்கு பாம்: ரைம்சோன் எப்படி?

ஆங்கிலத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள், ஆண்டு விழாவுக்கு நாலு வரி ரைமிங்காக வேண்டும் என்று அலைகிற டீச்சர்கள், ராப் எழுதுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ரைம்சோன் தளம் ஓரளவு பழக்கமாகவே இருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதோடு ஒலி பொருந்துகிற சொற்களைக் கொட்டிவிடும், காசு கிடையாது, கணக்குத் தொடங்கு என்ற நச்சரிப்பும் கிடையாது. ஜூலையில் வன மகோத்சவம் வந்தால் பள்ளிகளில் மரப் பாட்டு கேட்பார்கள் அல்லவா, அதனால் மரப் பெயர்களாகவே கொடுத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஓக். அள்ள அள்ளக் குறையாத பட்டியல். ஜோக், ஸ்மோக், சோக், க்ளோக், க்ரோக், ஸ்ட்ரோக், இரண்டு அசையில் ப்ரோவோக், பெஸ்போக், மூன்று அசையில் ஆர்ட்டிசோக் என்று அசைக் கணக்குப்படி பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பாட்டு எழுதுகிறவருக்கு இந்தப் பிரிப்பு எவ்வளவு வசதி என்பது மெட்டுக்குள் ஒரு சொல்லைத் திணித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது எழுத்து. ஊறவைப்பதைச் சொல்லும் சோக் முடிவது ஓ.ஏ.கே., ஜோக் முடிவது ஓ.கே.இ., கட்டிடக்கலையில் சொல்லும் பரோக் முடிவது ஓ.க்யூ.யு.இ. முட்டையின் மஞ்சள் கருவான யோக்கும் நாட்டுப்புறத்தைக் குறிக்கும் ஃபோக்கும் ஓ.எல்.கே. நம்மில் பாதிப் பேர் அந்த 'எல்' எழுத்தை விடாமல் 'ஃபோல்க்' என்று உச்சரிப்போம், ஆனால் அது வாயில் வரவே கூடாத எழுத்து. எழுத்தைப் பார்த்துத் தேடியிருந்தால் இவையெல்லாம் ஒரே பக்கத்தில் வந்திருக்காது. 1775இல் ஜான் வாக்கர் போட்ட பழைய ரைமிங் அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. அந்த வரிசையில் சோக் ஒரு பக்கம், ஸ்மோக் வேறொரு பக்கம்.

இந்தத் தளம் ஒலியைப் பார்த்துத் தேடுகிறது. அடியில் இருப்பது கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றையும் 39 ஒலிகளாக உடைத்து, உயிரொலிக்கு அழுத்தம் எவ்வளவு என்று 0, 1, 2 போட்டு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல் முடியும்வரை ஒன்றாக இருந்தால் ரைமிங், அவ்வளவுதான் விதி. நம் செய்யுளில் அடிகளின் கடைசியில் வருகிற இயைபு மாதிரி. இரண்டாம் எழுத்து எதுகையைத் தேடி இங்கே போகாதீர்கள்.

சரி, சிக்கல் எங்கே? அந்த அகராதி வட அமெரிக்க உச்சரிப்புக்கானது. பனை, தென்னை வகையைச் சொல்லும் பாம் என்ற சொல்லைக் கொடுத்தால் காம், பாம் தைலத்தின் பாம், பைபிள் சங்கீதத்தைக் குறிக்கும் சாம் ஆகியவற்றோடு வெடிகுண்டு பாமும், அம்மா மாமும், டாம் அண்ட் ஜெர்ரி டாமும் அந்த அமெரிக்கக் கணக்கில் சேர்ந்துவிடும். லண்டன்காரர் காதில் இது பிசகும், அவருக்கு வெடிகுண்டு குறுகிய 'ஒ'. மாறாக அவர் ஃபார்ம், சார்ம், ஆர்ம் எல்லாம் பாமோடு பொருந்தும் என்பார், ஏனென்றால் அவர் அந்த 'ஆர்' எழுத்தை விழுங்கிவிடுவார். நமக்கு? ரேஷன் கடையில் பாமாயில் வாங்கிய வாய்க்கு வெடிகுண்டும் பாம்தான், டாமும் டாம்தான். தற்செயலாக நாம் அமெரிக்கக் கட்சி. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கு எழுதுகிறவர்கள் மட்டும் இந்த இடத்தில் கொஞ்சம் உஷார்.

எல்லா இடத்திலும் நம் காது கைகொடுக்காது. ஆஷ் மரத்தை எடுங்கள். மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷை எழுதிப் பழகிய நமக்கு ஆஷும் வாஷும் அச்சு அசல் ஜோடி. எழுத்தும் அதே மூன்று கடைசி எழுத்து. ஆனால் ஆங்கிலக் காதுக்குப் பொருந்தாது. ஆஷுக்குச் சேர்வது கேஷ், க்ராஷ், ஸ்ப்ளாஷ், ஃப்ளாஷ். ஒரே உயிரொலியை நாம் கேஷில் ஒரு மாதிரியும் க்ராஷில் ஒரு மாதிரியும் எழுதுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது. தேக்குக்கும் இதே கதைதான். டீக்கோடு ஸ்பீக், வீக் மட்டுமில்லை, யூனிக், ஆன்ட்டீக், பொட்டீக், மொசாம்பீக் எல்லாம் சேரும். எழுத்தில் ஒட்டி உறவாடும் ப்ரேக்கும் சாப்பிடுகிற ஸ்டேக்கும் சேராது. இப்படிப்பட்ட இடங்களில் தளத்தை நம்புங்கள், காதை நம்பாதீர்கள்.

நம்மூர் மரம் தேடும்போது ஒரு வழி சொல்கிறேன். வேப்ப மரத்து நீம் மாதிரிச் சொல்லுக்குப் பட்டியல் சரியாக வராவிட்டால், அதே ஒலியுள்ள சாதாரணச் சொல்லைக் கொடுங்கள். நீமுக்குப் பதில் டீம் போட்டால் ட்ரீம், க்ரீம், தீம், ஸ்கீம், சுப்ரீம் வரும். அரச மரத்து பீப்பலுக்கு பீப்பிள் போடுங்கள், ஸ்டீப்பிள் கிடைக்கும். ஆலமரத்து பான்யனுக்குக் கேன்யன், கம்பேனியன் இரண்டும் கச்சிதம், நிழல் தரும் மரத்துக்குத் துணைவன் என்று பொருளும் கூடிவருகிறது, இதைவிட என்ன வேண்டும்!

குறைகள் இருக்கின்றன. விளம்பரம் உண்டு, போனில் பார்த்தால் கண்ணை உறுத்தும். பட்டியலில் அமெரிக்கக் குடும்பப் பெயர்கள், யாரும் பயன்படுத்தாத சொற்கள் எல்லாம் கலந்து கிடக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அப்படியே காட்ட முடியாது, நீங்கள்தான் பொறுக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிற சொற்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ராப்புக்கு அது ரொம்ப உதவும், சின்னப் பிள்ளைப் பாட்டுக்கு வேண்டாம். அப்புறம், நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: இதே நிறுவனத்தின் டேட்டாமியூஸ் ஏபிஐ, அதாவது நம் நிரலே நேராகச் சொல் கேட்டு வாங்கும் வழி, சாவி எதுவும் இல்லாமலே நாளைக்கு 1,00,000 கேள்விவரை இலவசம்.

எல்ம் மரத்துக்கு மட்டும் எந்தத் தளமும் உதவாது. ஹெல்ம், ரெல்ம், ஓவர்வெல்ம், இவற்றைத் தாண்டினால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஃபிலிம் போட்டு ஒப்பேற்றலாம் என்றால் அதுவும் கிட்டத்தட்டக் கணக்குதான். பேசாமல் எல்மை வரியின் நடுவில் போட்டுவிட்டுக் கடைசியில் ட்ரீ என்று முடியுங்கள். ஃப்ரீ, பீ, சீ, நீ என்று சொல் வந்துகொண்டே இருக்கும்.