ஷோத்கங்கா: நடுகல்லை எந்தச் சொல்லால் தேடுவது?

இறந்த வீரர்களின் நினைவாக நடப்பட்ட கற்களான தருமபுரி வட்டார நடுகற்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் நான், இதே பொருளில் முன்னர் எழுதப்பட்ட ஆய்வேடுகளைக் காண்பதற்குச் சில மாதங்களாக ஷோத்கங்கா தளத்தையே பெரிதும் நம்பியிருக்கிறேன். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் பேணும் இக்களஞ்சியத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இயல் இயலாகப் பிரிக்கப்பட்ட பி.டி.எஃப். கோப்புகளாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்ததன் பயன் இது. சென்னைக்கோ மைசூருக்கோ பேருந்து ஏறாமல் பென்னாகரத்தில் அமர்ந்தபடியே ஓர் ஆய்வேட்டை முழுமையாகப் படிக்க முடிவது எங்களைப் போன்றோருக்குச் சிறிய உதவி அன்று.

ஆனால் இத்தளத்தின் பயன், நாம் அதற்குக் கொடுக்கும் சொல்லைப் பொறுத்தே அமைகிறது. ஆய்வாளர் எந்தச் சொல்லைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதினாரோ அந்தச் சொல்லைத்தான் தேடல் பெட்டி அறியும். ‘நடுகல்’ என்று தமிழில் தட்டியபோது கிடைத்தவை வேறு, அதையே ஆங்கில எழுத்துகளில் தட்டியபோது கிடைத்தவை வேறு. ‘ஹீரோ ஸ்டோன்’ என்பதை மேற்கோள் குறிக்குள் இடாமல் தேடினால் நாவல்களின் கதைத்தலைவர்களைப் பற்றிய ஆய்வுகளும் கட்டடக் கற்களைப் பற்றிய ஆய்வுகளும் கலந்து வருகின்றன. மேற்கோள் குறிக்குள் இட்டால் அவை பெரும்பாலும் விலகுகின்றன. நினைவுக்கல், வீரக்கல், சதிக்கல் ஆகியவற்றையும், நுளம்பர் ஆட்சியின் கன்னடக் கல்வெட்டுகள் கிடைக்கும் பகுதி இது என்பதால் கன்னட வழக்கான ‘வீரகல்லு’ என்பதையும் தனித்தனியே தேட வேண்டியிருந்தது.

எனக்கு மிகுந்த பயனைத் தந்தது ஊர்மக்களின் சொல்லே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. ‘வேடியப்பன்’ என்று தேடியபோது, தலைப்பில் நடுகல் என்ற சொல்லே இல்லாத நாட்டுப்புறத் தெய்வ ஆய்வுகள் வந்தன. அவற்றின் கள ஆய்வு இயல்களில் நான் அறியாதிருந்த கற்களின் விவரங்கள் இருந்தன. தொல்லியல் துறைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அவற்றை ஒருபோதும் எட்டியிருக்க மாட்டேன்.

இடப்பெயரிலும் இதே கவனம் வேண்டும். தருமபுரி சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்றும், கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்றும் பிரிந்தன. ஆகவே ஊத்தங்கரைக் கல் ஒன்று, எழுதப்பட்ட காலத்தைப் பொறுத்து மூன்று மாவட்டங்களில் எதன் பெயரிலும் பதிவாகியிருக்கலாம். பண்டைய பெயரான தகடூரையோ, கம்பெனி ஆட்சிக்காலப் பெயரான பாராமகாலையோ ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கோர் எழுத்துக்கூட்டலைக் கையாளுகின்றனர். தகடூரின் முதல் எழுத்தை ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை தேடுவதே நல்லது.

இப்போது கல்லைக் குறிக்கும் சொற்களை ‘ஆர்’ (அல்லது) என்பதால் இணைத்து ஓர் அடைப்புக்குள்ளும், இடப்பெயர்களை அவ்வாறே இன்னோர் அடைப்புக்குள்ளும் வைத்து, இரண்டையும் ‘அண்ட்’ (மற்றும்) கொண்டு சேர்க்கிறேன். தொடக்கத்திலேயே சிற்றூர்ப் பெயரைச் சேர்ப்பது தவறு. முடிவுகள் அறவே இல்லாமற்போகும். பொருந்தும் ஆய்வேடு ஒன்று அகப்பட்டவுடன் அதன் குறிச்சொற்களையும் துணைநூற்பட்டியலையும் படித்து, புதிய சொற்களைக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் தேடுகிறேன். ஒரே பொருளுக்கு ஒரே குறிச்சொல் என்ற ஒழுங்கு இங்கு அமைந்தால் இவ்வுழைப்பில் பாதி குறையும்; தமிழ்த் தலைப்புகளுக்காவது அது வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

நேற்று அக்குறிப்பேட்டில் ஏறியது ‘தொறு’. ஆநிரையைக் குறிக்கும் அச்சொல், தொறு மீட்டு உயிர்நீத்த வீரர்களின் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய தேடலை அதிலிருந்து தொடங்குகிறேன்.