ராஃபா மணலும் திஹுவானா களிமண்ணும்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது, ஐந்தடி போகுமுன்னே மணல் சரிந்து, வெட்டிய அண்ணனை இடுப்பு வரை மூடிவிட்டது. கொங்கிறீட் வளையம் இறக்கித்தான் மிச்சத்தைத் தோண்டினார். எல்லைச் சுரங்கங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும்.

மெக்சிக்கோவின் திஹுவானாவிலிருந்து அமெரிக்காவின் சான் டியேகோவுக்குத் தோண்டுபவர்களுக்கு மண்ணே துணை. அங்கே களிமண் இறுக்கமானது, சுலபத்தில் சரியாது. 2020 இல் அறிவிக்கப்பட்ட ஒரு சுரங்கம் 1,300 மீற்றருக்கும் மேல் நீளம். உள்ளே தண்டவாளம், காற்றுக்குழாய், மின்சாரம், வாசலில் மின்தூக்கி வேறு. பணம் கொட்டுவது போதைப்பொருள் கும்பல்கள்.

எகிப்து எல்லையை ஒட்டிய, காசாவின் ராஃபாவில் எங்கள் ஊர் மாதிரி மணல் பாங்கான நிலம். பலகையோ கொங்கிறீட்டோ வைத்துத் தாங்கினாலும் சரியும். கூலிக்கு இறங்கிய இளைஞர்கள் பலர் புதைந்தே போனார்கள். ஆயுதமும் வந்ததுதான். ஆனால் காசாமீது 2007 இல் இஸ்ரேல் போட்ட முற்றுகைக்குப் பிறகு சீமெந்து, எரிபொருள், ஆடு மாடு, கார்கூட அந்த வழியால்தான் வந்தன. 2015 இல் எகிப்து கடல்நீரை விட்டு அந்தச் சுரங்கங்கள் பலவற்றை மூழ்கடித்தது.

இரண்டையும் ‘கடத்தல்’ என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குச் சீமெந்தும் பற்றரியும் கொண்டுபோகத் தடை இருந்த போர்க்காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.