லேன் ஒயரில் நெட் விட்டுவிட்டு வருகிறதா? ஒயர், செட்டிங்ஸ், அடாப்டர், வைஃபை: எதில் கை வைப்பது

வீட்டில் போனுக்கு வைஃபை ஒழுங்காக வருகிறது. லேன் ஒயர் மாட்டிய கம்ப்யூட்டரில் மட்டும் நெட் அறுந்து அறுந்து வருகிறது. இதற்கு நான்கு வழி சொல்வார்கள்: ஒயரை மாற்று, விண்டோஸ் செட்டிங்ஸை மாற்று, புது லேன் அடாப்டர் போடு, பேசாமல் வைஃபைக்கு மாறிவிடு. என் ஓட்டு முதலில் ஒயருக்கு, அடுத்து யூஎஸ்பி அடாப்டருக்கு.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் (ping -t; பதில் வருகிறதா என்று தொடர்ந்து கேட்கும் கட்டளை) ஓடவிடுங்கள். நெட் போகும் நேரத்தில் ரவுட்டர் பதில் தந்துகொண்டே இருந்தால் உங்கள் ஒயர் நன்றாக இருக்கிறது; கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. நெட் கொடுப்பவருக்குப் போன் போடுங்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஒயருக்கு ஏன் முதலிடம்? லேன் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் நெட் முழுதாகச் சாகாது. சில நொடி அறுந்து, 100-க்கு இறங்கி, மறுபடி 1000-க்கு ஏற முயன்று தடுமாறும். விண்டோஸ் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று நின்றால், ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் வகையாக இருக்கும் பட்சத்தில், ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே பெரும்பாலும் ஆள் வந்து சுவரோரம் ஒயர் இழுத்து, அங்கேயே கிரிம்ப் செய்து (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி) கொடுத்துவிட்டுப் போகிறார். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று நிறவரிசையாக அடுக்கி அடித்துவிட்டால் இணைப்பு வரும், ஆனால் நிலைக்காது. பிளக்கில் 3, 6 ஆகிய இரண்டு பின்களுக்கும் ஒரே ஜோடியின் கம்பிகள் போக வேண்டும். இப்படி அடித்தால் பச்சைக் கம்பி ஒன்றும் நீலக் கம்பி ஒன்றும் போய் உட்கார்ந்துவிடும். விளக்கு எரியும் மலிவான டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது, எட்டு விளக்கும் அழகாக எரியும். இன்னொரு எமன் செம்பு பூசிய அலுமினிய ஒயர். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்த இடத்தில் எளிதில் முறியும் ரகம் அது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அதனால் கம்பெனியிலேயே முனை போட்டு வரும் சின்ன கேட்6 ஒயர் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரை ரவுட்டர் பக்கத்தில் தூக்கிவைத்து ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். அறுபடவே இல்லையென்றால் குற்றவாளி சுவரோர ஒயர். அறுபட்டால் ரவுட்டரில் வேறு போர்ட்டில் மாட்டுங்கள். அப்போதும் அறுபட்டால் அடுத்த வேலை கம்ப்யூட்டரில்.

செட்டிங்ஸ் வழிக்குச் செலவில்லை. டிவைஸ் மேனேஜரில் லேன் அடாப்டரின் பண்புகளுக்குள் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டையும் (வேலை இல்லாத நேரத்தில் இணைப்பைத் தூங்கவைக்கும் வசதி), மின்சாரம் சேமிக்க அடாப்டரை அணைக்கும் வசதியையும் நிறுத்துங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவர் போடுங்கள். சில கம்ப்யூட்டர்களில் இதுவே தீர்த்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம், விண்டோஸையே அழித்துப் போட வேண்டியதில்லை. வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) என்று கட்டாயமாக வைக்கச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ரவுட்டர் ஆட்டோவிலேயே இருந்தால் அது ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு பெரிய டவுன்லோட் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

புது அடாப்டரில் இரண்டு வகை. மதர்போர்டில் செருகும் பிசிஐஇ கார்டு கேபினெட்டுக்குள் உட்கார்ந்துவிடும், யாரும் தட்டிக் கழற்ற முடியாது, நீண்ட காலத்துக்கு நல்லது. ஆனால் கேபினெட்டைத் திறக்க வேண்டும், காலி ஸ்லாட் வேண்டும். யூஎஸ்பி அடாப்டரை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தாலே மதர்போர்டு போர்ட் பழுதா இல்லையா என்று தெரிந்துவிடும். நாளைக்கு லேப்டாப்புக்கும் உதவும். அதனால்தான் யூஎஸ்பியை முன்னால் வைக்கிறேன். யூஎஸ்பி 3.0 வகையாக, ஜிகாபிட் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் இடி இடித்த பிறகு தொடங்கிய தொல்லை என்றால், அதுவும் மொட்டைமாடி வழியாகச் செம்பு ஒயர் வரும் வீடு என்றால், செட்டிங்ஸைத் தாண்டி நேராக இங்கே வந்துவிடலாம். மின்னல் வேகமாகக் கைவைக்கும் இடங்களில் லேன் போர்ட்டும் ஒன்று. ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, ஆனால் ஃபைபர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை வருவது செம்புதான்.

வைஃபை தற்காலிகத்துக்குச் சரி. வீடியோ பார்க்க, மெயில் படிக்கப் போதும். அலுவலக மீட்டிங்குக்கும் கேமுக்கும் ஒயரின் நிதானம் அதில் வராது, இடையில் கான்கிரீட் சுவர் இருந்தால் இன்னும் மோசம். மின் ஒயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு அறையும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஸ்பைக் பஸ்டரில் மாட்டினாலும் வேகம் விழும். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.