வீட்டில் கட்டிய ஸ்ட்ரீட் ராடு: ஸ்டீரிங் சரிக்கட்டியதும் நீண்டகாலப் பயன்பாடும்

பல வருடம் ஷெட்டில் நின்று ஒருவழியாக ரோட்டுக்கு வரும் ஸ்ட்ரீட் ராடுகளில் (பழைய காரை மாற்றிக் கட்டிய வண்டிகளில்) பெரும்பாலும் கேட்கும் புகார் ஒன்றுதான்: "நேர் ரோட்டில் வண்டி அலையுது, நடுவில் ஸ்டீரிங் செத்துக் கிடக்கு." பழி உடனே ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங்கின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் தள்ளலாக மாற்றும் கியர் பெட்டி) மேல் விழும். புது பாக்ஸ் மாட்டிய பிறகும் அதே அலைச்சல் தொடர்வதுதான் வழக்கம். பாக்ஸைக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே பேசப்படுவது 1932 ஃபோர்டு பாணி சேஸிஸ்: 4 அங்குலம் டிராப் செய்த (வண்டி தாழ்ந்து நிற்கும்படி வளைத்த) ஐ-பீம் ஆக்சில், குறுக்கே படுத்த பட்டை ஸ்பிரிங், ஆக்சிலைச் சேஸிஸோடு பிடிக்கப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பார் அமைப்பு, 1970களின் செவர்லே வேகா காரிலிருந்து வந்த வகை ஸ்டீரிங் பாக்ஸ், அதிலிருந்து குறுக்கே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க். அளவுகள் சரியாக இருந்தால் 1,000 கிலோ எடைக்கு இந்த அமைப்பு தாராளம். பவர் ஸ்டீரிங் தேவையே இல்லை. அளவு தவறினால் 80 கி.மீ. வேகத்திலேயே கை வலிக்கும்.

நீண்ட காலம் இழுக்கும் வேலையில் ஸ்டீரிங் கெடுவதற்குக் காரணம் உண்டு. காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவை) முதலில் அமைக்கும்போது சேஸிஸ் வெறுமையாக ஸ்டாண்டில் நிற்கிறது. எஞ்சின், பாடி, கண்ணாடி, சீட், பெட்ரோல் எல்லாம் பின்னால்தான் ஏறுகின்றன. ஸ்பிரிங் அமர்கிறது. நடுவில் டயர் அளவும் மாறிவிடும்: முன்னால் சிறியது, பின்னால் பெரியது. 1932 ஃபோர்டின் வீல்பேஸ் 106 அங்குலம், அதாவது 2,692 மி.மீ. பின்பக்கத்தோடு ஒப்பிட முன்பக்கம் 47 மி.மீ. தாழ்ந்தால் காஸ்டரில் ஒரு முழு டிகிரி போய்விடும். மூக்கு தாழ்ந்த தோற்றத்துக்காக முன்னால் 50 மி.மீ., பின்னால் டயரில் 50 மி.மீ. என்று வித்தியாசம் வைத்தால் 2 டிகிரிக்கு மேல் காலி. 6 டிகிரி வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் வண்டி 4-ல் ஓடும்.

ஆகவே வண்டி முழுதாக முடிந்த பிறகு, பாதிக்கு மேல் பெட்ரோல் ஊற்றி, மட்டமான தரையில், முன் சீட்டில் ஆள் எடை வைத்துக் காஸ்டரை மறுபடி அளக்க வேண்டும். ஆக்சிலின் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) முனையில் சீவிய மட்டமான முகத்தில் டிஜிட்டல் கோணமானியை வைத்தால் போதும். இலக்கு 5 முதல் 7 டிகிரி பாசிட்டிவ். 4-க்குக் கீழே வண்டி தானாக நேருக்குத் திரும்பாது. 8-ஐத் தாண்டினால் பார்க்கிங்கில் கனக்கும், வேகத்தில் ஆடத் தொடங்கும். நான்கு பார் அமைப்பில் பார் முனையிலுள்ள கவையான கிளெவிஸைத் திருகி மாற்றலாம். அங்குலத்துக்கு 18 மரை இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மி.மீ. நகரும், மேல் கீழ் பார்களுக்கு இடையே 125 மி.மீ. இருந்தால் அது ஏறக்குறைய 0.65 டிகிரி. இரு பக்கமும் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஐ-பீம் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

காஸ்டருக்கு முன்பே முடிக்க வேண்டியது கிங்பின். ஸ்பிண்டிலில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டில்) மேலும் கீழும் புது புஷ் அடித்த பிறகு இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) ஓட்ட வேண்டும். தனித்தனியாக ஓட்டினால் பின் இறுகும் அல்லது ஒரு முனையில் ஆடும். த்ரஸ்ட் பேரிங் ஆக்சிலுக்கு அடியில், ஸ்பிண்டிலின் கீழ்க்காதுக்கு மேலே உட்கார வேண்டும். மூடிய முகம் மேலே இருந்தால்தான் அழுக்கு இறங்காது. தலைகீழாகப் போட்ட பேரிங்கைப் பல வண்டிகளில் பார்க்கலாம். மேல் இடைவெளியை ஷிம் வைத்து 0.1 மி.மீ. அளவுக்கு அடைக்கவும். பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஆட்டம் தெரிந்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டு மறுபடி ஆட்டவும். அப்போது ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங்; நிற்காவிட்டால் கிங்பின்.

டோ-இன், அதாவது முன் டயர்களின் முன் ஓரங்கள் பின் ஓரங்களை விட நெருங்கி நிற்கும் அளவு, 1.5 முதல் 3 மி.மீ. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயர் நடுவில் சாக்பீஸ் தேய்த்து, ஆணி முனையால் மெல்லிய கோடு போடவும். இறக்கும்போது ஒவ்வொரு டயருக்கும் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகள் இருக்கட்டும். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும். ஆக்சில் உயரத்தில், முன்னாலும் பின்னாலும் கோட்டுக்குக் கோடு அளக்கவும். ஆயில் பேன் குறுக்கே வந்தால் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி எடுத்து அளக்கலாம். இரு முன் சக்கரங்களையும் இணைத்து டோ-இன்னை நிர்ணயிக்கும் டை ராடு முனையின் மரை அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். 11/16 அங்குல முனைக்கு அது 26 மி.மீ.

டை ராடை ஆக்சிலுக்கு முன்னால் மாற்றிப் போடுபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். பின்பக்கத்துக்காகச் செய்த ஸ்டீரிங் ஆர்ம்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றை அப்படியே முன்னால் திருப்பிப் போட்டால் ஆக்கர்மன் (வளைவில் உள் சக்கரம் வெளிச் சக்கரத்தை விட அதிகம் திரும்பும் அமைப்பு) தலைகீழாகிவிடும். நேர் ரோட்டில் எதுவும் தெரியாது. முழுதாக ஒடித்துத் திரும்பும்போது முன் டயர்கள் கிறீச்சிடும், வெளி ஓரம் சீக்கிரம் தேயும்.

இனி அந்தச் 'செத்த இடம்'. குறுக்குப் பட்டை ஸ்பிரிங் இரு முனையிலும் ஷேக்கிளில் (ஆடும் சிறு இணைப்புத் துண்டில்) தொங்குகிறது. டிராக் லிங்க் குறுக்கே தள்ளும்போது, சக்கரம் திரும்புவதற்கு முன் ஷேக்கிள்கள்தான் முதலில் சாயும். ஆக்சில் மொத்தமாகப் பக்கவாட்டில் நகரும். பாக்ஸ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கைக்கு இது ஆட்டமாகவே தெரியும். சோதனை எளிது. எஞ்சினை அணைத்து, வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீரிங்கை இரண்டு விரல் அகலம் இடமும் வலமும் அசைக்கட்டும். மற்றவர் முன்னால் குனிந்து ஷேக்கிளைப் பார்க்கட்டும். சக்கரம் அசையாமல் ஷேக்கிள் சாய்ந்தால் பான்ஹார்டு பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் தண்டு) இல்லை, அல்லது அதன் பிராக்கெட் வளைகிறது.

பான்ஹார்டு பார் போட்டால் மட்டும் போதாது. அது டிராக் லிங்க்குக்கு இணையாக, கிட்டத்தட்ட அதே நீளத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ் முனை பாக்ஸ் இருக்கும் பக்கத்திலேயே வர வேண்டும். 900 மி.மீ. நீளமுள்ள மட்டமான லிங்க்கின் முனை 50 மி.மீ. ஏறினால் பக்கவாட்டில் 1.4 மி.மீ. இழுக்கும். பாரும் லிங்க்கும் ஒரே திசையில் இருந்தால் இரண்டு இழுப்பும் சமமாகி ஸ்டீரிங்குக்கு எதுவும் போகாது. பாரை எதிர்ப்பக்கத்தில் மாட்டினால் இழுப்புகள் கூடி 2.8 மி.மீ. ஆகும். 140 மி.மீ. ஸ்டீரிங் ஆர்மில் அது சக்கரத்தை 1 டிகிரிக்கு மேல் திருப்பும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி எகிறித் திரும்புவதன் காரணம் இதுதான். இடம் இல்லை என்று 400 மி.மீ. குட்டைப் பார் போட்டவர்களுக்கும் இதே தொல்லைதான், கொஞ்சம் குறைவாக.

இவ்வளவும் சரியான பிறகே பாக்ஸைத் தொடலாம். டிராக் லிங்க்கைக் கழற்றி, பாக்ஸை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்தவும். அதுதான் நடு. பாக்ஸுக்குள் இருக்கும் செக்டர் கியர் அங்கே மட்டும்தான் நெருக்கமாகப் பொருந்தும்படி வெட்டப்பட்டிருக்கிறது. நடுவை விட்டு விலகினால் ஆட்டம் இயல்பு. சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸ் நடுவில் இருக்கும்படி டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்ற வேண்டும். ஸ்டீரிங் வீலைக் கழற்றி நேராக்கிப் போடுவது கண்ணுக்கு மட்டுமே சரி. பாக்ஸ் அரைச் சுற்றுத் தள்ளி, ஆட்டம் உள்ள இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மேல் ஸ்க்ரூவை, நடுவைக் கடக்கும்போது விரலில் லேசான பிடிப்பு தெரியும் வரை மட்டும் திருகி லாக் நட்டை இறுக்கவும். அதிகம் இறுக்கினால் வளைவுக்குப் பின் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது, கியரும் தேயும்.

ஸ்டீரிங் ஷாஃப்டில் யூ-ஜாயிண்ட் (சுழற்சியைக் கோணத்தில் கடத்தும் இணைப்பு) கோணம் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 30 டிகிரியில் ஒற்றை ஜாயிண்ட் சுற்றும் வேகம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே மாறும். திருப்பும்போது கனம், லேசு, கனம் என்று வருவது அதனால்தான். இரண்டு ஜாயிண்ட் போட்டு, கோணங்களைச் சமமாக்கி, நடு ஷாஃப்டின் இரு யோக்குகளையும் (ஜாயிண்டின் கவை முனைகளை) ஒரே தளத்தில் வைத்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யும். மூன்று ஜாயிண்ட் என்றால் நடுவில் சப்போர்ட் பேரிங் கட்டாயம். செட் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் டிரில்லால் சிறு குழி போடவும். ஷாஃப்ட் முனை யோக்குக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஜாயிண்ட் மடங்கும்போது முட்டும். முழு சுற்று சுற்றிப் பார்க்காமல் இது தெரியாது.

சக்கரம் முழுதாக ஒடிந்து நிற்பது ஸ்பிண்டில் ஸ்டாப்பில்தான் இருக்க வேண்டும். பாக்ஸின் உள் முனையில் நின்றால் நடைபாதை ஓரத்தில் ஒரு இடி போதும், கியர் போய்விடும்.

 

டயர் அழுத்தத்தைப் பெரிய காரின் பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ வைப்பது வீண். இவ்வளவு இலகுவான வண்டியில் ரேடியலுக்கு 26-ல் தொடங்கி, டயர் குறுக்கே சாக்பீஸ் தேய்த்து உருட்டிப் பார்க்கலாம். கோடு அகலம் முழுக்க ஒரே மாதிரி அழிந்தால் அழுத்தம் சரி.

ஓடிய பிறகு தெரியவரும் விஷயங்கள் சில. முதல் 200 கி.மீ. முடிந்ததும் ஸ்பிரிங் யூ-போல்ட், பான்ஹார்டு பிராக்கெட், பாக்ஸ் மவுண்ட் மூன்றையும் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். பெயிண்ட் பூசிய முகங்கள் நசுங்கித் தளரும். அழகுக்காக டிராக் லிங்க்கில் போடும் திறந்த ராட் எண்ட்கள் மழை, மண் பட்டுச் சீக்கிரம் ஆடத் தொடங்கும். ரப்பர் பூட் உள்ள சாதாரண டை ராடு முனைதான் ரோட்டுக்கு ஏற்றது. கிங்பினுக்கு 1,500 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கி வைத்து அடிக்கவும். எடை இருக்கும்போது அடித்தால் கிரீஸ் தாங்குமுகத்துக்குப் போகாது. டை ராடு முனைகளில் காட்டர் பின் துளைக்காக நட்டைத் தளர்த்தக் கூடாது. அடுத்த துளை வரும்வரை இறுக்கித்தான் பின் போட வேண்டும். 60, 70 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் கிடுகிடுவென ஆடினால் ஸ்டீரிங் டேம்பர் மாட்டி அடக்கலாம்தான். ஆனால் கிங்பின் ஆட்டம், டோ-அவுட், பேலன்ஸ் இல்லாத சக்கரம், தளர்ந்த பான்ஹார்டு இந்த நான்கில் ஒன்று உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். டேம்பரைக் கழற்றிவிட்டும் ஆடாத வண்டிக்கு மட்டுமே டேம்பர் போடலாம்.