சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர்: ‘புது’ டிஸ்க் போட்டுக்கொண்டவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்

லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் சிஸ்டம்) ஓடும் டெஸ்க்டாப்பை மலேசியாவில் பேராக்கில் இருக்கும் எங்கள் டவுனில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருந்தால், உங்களுக்குத் தெரியாத யூசர் யாராவது அதில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியட்டும்.

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கிறார். எந்தத் தோட்டத்திலிருந்து மில்லுக்கு எத்தனை நடை, எத்தனை டன், டிரைவருக்கு எவ்வளவு முன்பணம் என்ற கணக்கெல்லாம் லினக்ஸ் மிண்ட் 21 ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் லிப்ரே ஆபிஸில் இருக்கிறது. ஒருநாள் காலையில் பாஸ்வேர்டு போட்டால் திரை கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. வைஃபையும் இல்லை. நான் ஜொகூரில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாசக்கடைசி, டிரைவர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

“டிஸ்க் செத்துப்போச்சுண்ணே. லினக்ஸ்னா அப்படித்தான். அந்த வெர்ஷனுக்கு சப்போர்ட்டும் நின்னுபோச்சு” என்றார்களாம் கடையில். உண்மையில் மிண்ட் 21 வரிசைக்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. பில் 500 வெள்ளி (ரிங்கிட்): புது 480 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் 240, டேட்டா ரெக்கவரி 150, வைஃபை கார்டு 60, கூலி 50.

ஊருக்கு வந்ததும் மெஷினைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுத்திருந்தார்கள். அதனால் கோளாறு நடந்த நாளின் பதிவுகளும் கூடவே வந்திருந்தன. அவற்றில் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி பக்கம் பக்கமாக இருந்தது. அதாவது இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டிஸ்க் சாகும்போது சிஸ்டத்தின் மையப்பகுதியான கெர்னல் ‘ஐ/ஓ எரர்’ என்று எழுதிக் குவிக்கும். அப்படி ஒரு வரிகூட இல்லை. டைம்ஷிஃப்ட் என்ற செயலி எடுத்துவைத்த பழைய ஸ்னாப்ஷாட்கள் (சிஸ்டத்தின் காப்பு நகல்கள்) மட்டுமே எங்கள் பழைய டிஸ்க்கின் 120 ஜிபியில் பாதிக்குமேல் தின்றிருந்தன.

இடம் தீர்ந்தால் டெஸ்க்டாப் திறக்கும்போது எழுத வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளை எழுத முடியாது. அதனால்தான் சரியான பாஸ்வேர்டு போட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் கிடைக்கும். அங்கே சூடோ போட்டு (அதாவது நிர்வாகி அனுமதியோடு) பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்க முடியும். அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் திறந்துகொள்ளும்.

வைஃபை போனதும் இதனால்தான். எங்கள் பழைய யூஎஸ்பி வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெர்னலோடு வருவதில்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிதாகக் கட்டித் தரும். கெர்னல் புதுப்பிப்பு வந்த அன்று கட்டுவதற்கு இடமில்லை, கட்டவில்லை. மெஷின் தொடங்கும்போது வரவைக்கக்கூடிய கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்திருந்தால் வைஃபை திரும்பியிருக்கும். கடையில் ‘வைஃபை கார்டு’ என்று போட்ட சின்ன டாங்கிள் வேலை செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். விலைதான் கொள்ளை.

‘டேட்டா ரெக்கவரி’ என்று 150 வெள்ளி வாங்கினார்களே, அதுவே அவர்கள் கதையைக் காட்டிக்கொடுக்கிறது. செத்த டிஸ்க்கிலிருந்து பார்ட்டிஷன் அடையாள எண்கள்கூட மாறாமல், ஒரு கோப்பும் கெடாமல், முழு நகல் எப்படி வந்தது? டிஸ்க் நல்லாத்தான் இருந்திருக்கிறது.

இனி அந்தப் ‘புது’ எஸ்எஸ்டி. மிண்ட்டில் ‘டிஸ்க்ஸ்’ என்றொரு செயலி இருக்கிறது. அதில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ பகுதியைத் திறந்தால் அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) பழக்கமுள்ளவர்கள் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை போட்டுப் பார்க்கலாம். எங்களுடையது 19,000 மணியைத் தாண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான். இரவு பகல் அணைக்காமல் இரண்டு வருஷத்துக்குமேல் எங்கேயோ ஓடிய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். பழையது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

இதுவரைக்கும் போனது பணம். எனக்குத் தூக்கம் கெட்டது அடுத்த விஷயத்தில்.

நிர்வாகி அனுமதி உள்ள சூடோ குழுவில் யார் யார் என்று பார்த்தபோது அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது. பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் செய்யலாம் என்று அதற்கு அனுமதியும் எழுதியிருந்தார்கள். வெளி இணைப்புகளைத் தடுக்க நான் போட்டுவைத்த ஃபயர்வால் நிறுத்தப்பட்டிருந்தது. வேறு மெஷினிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை ஏற்றி, அதற்கான நெட்வொர்க் வாசலான 22ஆம் போர்ட்டைத் திறந்திருந்தார்கள். இவை ஓரளவு தாங்கக்கூடியவை. வீட்டு ரவுட்டர் தானாக யாரையும் வெளியிலிருந்து உள்ளே விடாது, அதே வைஃபையில் இருப்பவர்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும். ஆனால் தொலைவிலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள் ஒன்றையும் ஏற்றி, வீட்டில் யாரும் ‘சரி’ என்று சொல்லாமலே உள்ளே வரும்படி நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். அந்த வகை மென்பொருள் உள்ளிருந்து தானே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ரவுட்டர் ஒரு தடையே இல்லை. அண்ணன் பேங்க் வேலையெல்லாம் அந்த மெஷினில்தான் பார்க்கிறார்.

கடைக்குப் போன் போட்டேன். மறுக்கக்கூட இல்லை. “அது சர்வீஸுக்கு வசதி பாஸ். எங்ககிட்ட வர்ற எல்லா மெஷின்லயும் போடுவோம்” என்றார். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். சொன்னார்! கடைப் பெயரும் பின்னால் மூன்று எண்களும். எல்லாருக்கும் அதேதான் என்றால், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வீட்டு மெஷினோ, ட்யூஷன் டீச்சர் மெஷினோ, அந்தக் கடையில் இன்று வேலை பார்க்கும் பையனுக்கும் போன வருஷம் நின்றுபோன பையனுக்கும் திறந்தே கிடக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

உங்கள் மெஷினில் பார்க்க வேண்டுமென்றால், முதலில் நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். ‘யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ திறந்து தெரியாத பெயர் உண்டா என்று பாருங்கள். ஃபயர்வால் ஓடுகிறதா என்று டெர்மினலில் யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் (sudo ufw status) கட்டளை சொல்லும். எந்த போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று எஸ்எஸ் (sudo ss -tulpn) கட்டளை காட்டும். சந்தேகமாக ஏதாவது இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உடனே அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம். பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள். அப்புறம் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு உள்ளே இருந்தவர் வேறு என்னென்ன விட்டுப்போனார் என்று தேடித் தீராது. நானும் அப்படித்தான் செய்தேன், இந்தமுறை டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி. அக்கவுண்டிலிருந்து பணமே போயிருந்தால் பேங்குக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழையுங்கள், தாமதிக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கூலி 50 வெள்ளியை மட்டும் தருகிறேன் என்றார்கள். சரி என்று மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். இந்த மாதிரி ரிப்பேர் தகராறு அங்கே போகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் செய்யலாம். ரிசிட்டில் ‘புதியது’ என்று கடைக்காரரே எழுதியிருந்தது எங்களுக்குப் பெரிய துணை. உங்கள் ரிசிட்டில் வெறும் ‘எஸ்எஸ்டி’ என்றிருந்தால், புதிதா பழசா, சீரியல் எண் என்ன என்று அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய 120 ஜிபி டிஸ்க்கைக் ‘குப்பையில் போட்டுவிட்டோம்’ என்கிறார்கள். அதில் அண்ணன், அண்ணி, டிரைவர்கள் எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நகலும் பூட்டில்லாமல் இருக்கிறது. சமீபத்தில் டவுனில் யாராவது அந்த அளவில் பழைய எஸ்எஸ்டி வாங்கியிருந்தால் தனிச்செய்தி போடுங்கள். லேபிளின் படம் என்னிடம் இருக்கிறது, சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். எங்களுடையதுதான் என்றால் நீங்கள் கொடுத்த விலையை அண்ணன் கொடுத்துவிடுவார்.