ஸ்லைடு-அவுட் லாக் மக்கர் பண்ணினால்: துடைப்பதா, மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

மோட்டர்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, நிறுத்தியதும் பக்கச் சுவரோடு வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும் பகுதிதான் ஸ்லைடு-அவுட். வண்டி ஓடும்போது அது அசையாமல் உள்ளேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் லாக். அது பூட்டாமல் போனால் ஓடும் வண்டியில் அறை மெல்ல வெளியே நகரத் தொடங்கலாம். திறக்காமல் போனால் போய்ச் சேர்ந்த இடத்தில் பாதிக் கட்டிலில் உடம்பை மடக்கிக்கொண்டு தூங்க வேண்டியதுதான். முன்னது ஆபத்து, பின்னது எரிச்சல். ஆனால் பொருள் உடைவது அந்த எரிச்சலில்தான். லாக் திறக்கவில்லை என்று தெரிந்தும் சுவிட்சை அழுத்திப் பிடிப்போம். முழு அறையையே தள்ளுகிற மோட்டாருக்கு முன்னால் லாக்கின் கொக்கி எம்மாத்திரம்? வளைந்துவிடும். வளையாவிட்டால், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

கெட்ட லாக்கைக் கையாள நான்கு வழிகள் உண்டு. இருப்பதையே துடைத்து, நேர்ப்படுத்தி ஓட்டுவது ஒன்று. லாக்கை இயக்கும் மோட்டாரையோ, லாக் திறந்ததைச் சொல்லும் சின்ன சுவிட்சையோ மட்டும் மாற்றுவது இன்னொன்று. முழு செட்டையும் புதிதாகப் போடுவது மூன்றாவது. மின் லாக்கையே கழற்றிவிட்டு, கையால் மாட்டும் கம்பிக்கு மாறுவது நான்காவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வழியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் மூன்றாவதற்குப் போகாதீர்கள். கண்ணில் படுவது லாக் என்பதால் பழியும் அதன் தலையில் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னாலோ எதிரிலோ இருக்கும்.

முதலில் காது, அப்புறம் மீட்டர்

எதையும் கழற்றும் முன் சாவி எந்த நிலையில் இருக்கிறது, பார்க்கிங் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இவை சரியாக இல்லாவிட்டால் ஸ்லைடுக்கே மின்சாரம் போகாது. அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு அசடு வழிந்தவர்களில் அடியேனும் ஒருவன்.

பிறகு ஒருவர் சுவிட்சில் நிற்கட்டும், இன்னொருவர் லாக்கின் பக்கத்தில் காதை வைக்கட்டும். ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ரிலேயின் (சுவிட்சின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்) ‘டிக்’ மட்டும் கேட்டால் கட்டளை போகிறது, ஆனால் மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. மோட்டார் ‘ர்ர்ர்’ என்று முனகுகிறது, கொக்கி அசையவில்லை என்றால் எங்கோ இறுகியிருக்கிறது. மோட்டார் தாராளமாகச் சுற்றியும் கொக்கி நகரவில்லையென்றால் உள்ளே கியரின் பல் மழுங்கிவிட்டது.

இனி மல்டிமீட்டர். முழுதாக சார்ஜ் ஆன லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஆனால் முக்கியமான அளவு அங்கே இல்லை. சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்போது லாக் மோட்டாரின் கனெக்டரில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. 12 வோல்ட் வந்தும் மோட்டார் ஊமையாக இருந்தால் மோட்டார் போய்விட்டது. 9, 10 என்று இறங்கினால் மோட்டாரைக் குறைசொல்லாதீர்கள். அது பட்டினியில் இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மோட்டாரின் மைனஸிலும் வைத்து சுவிட்சை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் மைனஸ் இணைப்பு, சரியில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீரும் வேலைக்குத்தான் சிலர் புது மோட்டார் வாங்கியிருப்பார்கள்.

துடைத்து நேர்ப்படுத்துவது

செலவு கிட்டத்தட்ட இல்லாத வழி. ஆனால் பொறுமை வேண்டும். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து களிமண் போல இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உலர்ந்த படலமாகப் படியும் சிலிக்கான் ஸ்பிரே போதும். மறுபடியும் கிரீஸை அப்பினால் மறுபடியும் களிமண்தான். டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பெயரில் உள்ள ‘டபிள்யூடி’ நீரை விலக்குவதைத்தான் குறிக்கிறது. துருவை இளக்க அது நல்ல சரக்கு. நாள்பட நின்று மசகாக உழைக்கும் என்று நம்ப முடியாது.

நேர்ப்படுத்துவதுதான் இதில் சூட்சுமம். அறை முழுதாக உள்ளே வந்தால்தான் கொக்கி எதிரிலிருக்கும் பிடிக்குள் போகும். ஒரு மூலை சில மில்லிமீட்டர் பின்தங்கினாலும் கொக்கி பிடியின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். கொக்கியின் நுனியில் மார்க்கர் மையைத் தடவி, ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பிடியில் மை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் என்பது வரை அது சொல்லிவிடும்.

இங்கேயே ஒரு கிளை பிரிகிறது. பிடியை இரண்டு ஸ்க்ரூ தளர்த்தி நகர்த்திவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அறையே கோணலாக உள்ளே வருகிறதென்றால், பிடியை நகர்த்துவது கோணலை மூடி மறைப்பதாகும். அதனால் அறையை உள்ளே இழுத்த பிறகு நான்கு மூலைகளிலும் ரப்பர் சீலுக்கு இடையே ஒரு தாள் துண்டைச் செருகி இழுங்கள். எல்லா மூலையிலும் ஒரேபோல இறுக்கமாக இருந்தால் பிடியை நகர்த்தலாம். ஒரு மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது ஸ்லைடின் ஓட்டத்தை. அதை விட்டுவிட்டு லாக்கை எத்தனை முறை மாற்றினாலும் அடுத்த பயணத்தில் அதே முட்டல்தான். மழைநீரும் அந்த மூலை வழியாகத்தான் வரும்.

மோட்டாரா, முழு செட்டா?

கொக்கியும் அதை நகர்த்தும் திருகுத்தண்டும் வளையாமல் இருந்து மோட்டார் மட்டும் செத்திருந்தால், மோட்டாரை மட்டும் மாற்றுவதே அறிவு. முழு செட் போடுகிறவர் பழைய ஸ்க்ரூ துளைகளையும் கலைக்கிறார், நேர்ப்படுத்தலையும் முதலிலிருந்து தொடங்குகிறார். அதே சமயம், அழுத்திப் பிடித்த பாவத்தில் கொக்கி வளைந்திருந்தால் அதைச் சுத்தியலால் நிமிர்த்தாதீர்கள். நிமிர்ந்த உலோகம் அதே இடத்தில் மறுபடி வளையும். அப்போது முழு செட்தான் சரி, அதுவும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் ஒன்று சீக்கிரம் திறந்து மற்றது தாமதிக்க வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளியில் அறை நகரத் தொடங்கினால் பழையபடி வளைவுதான்.

சின்ன சுவிட்ச் கதை தனி. லாக் திறந்துவிட்டது என்று, ஸ்லைடை இயக்கும் மின்பெட்டியான கண்ட்ரோலருக்குச் சொல்வது ஒரு மைக்ரோ சுவிட்ச். அதன் நாக்கு ஒட்டிக்கொண்டால், லாக் கண்ணெதிரே திறந்திருந்தாலும் ஸ்லைடு நகராது. எனக்கு நடந்தது இதுதான். டார்ச் அடித்துப் பார்க்கிறேன், கொக்கி பிடியை விட்டு விலகி நிற்கிறது. அறை அசையவில்லை. பார்க்க வந்தவர் ‘செட்டே போச்சு சார்’ என்று கையை விரித்துவிட்டார். அவர் போனபின் சுவிட்சின் நாக்கை விரல்நகத்தால் அழுத்தினேன்; போன நாக்கு திரும்பவில்லை. அடியில் மிளகளவு கிரீஸ் கட்டி. குச்சியால் நெம்பி எடுத்ததும் ‘டிக்’ என்று துள்ளியது. அடுத்த நிமிடம் அறை வெளியே போனது.

கையால் மாட்டும் கம்பி

மின்சாரமும் வேண்டாம், ரிலேயும் வேண்டாம். ஸ்லைடு உள்ளே வந்ததும் அதன் உள்விளிம்புச் சட்டத்துக்கும் வண்டியின் உட்சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டாகும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பியை அங்கே மாட்டி முறுக்கினால், சட்டம் சுவரை நோக்கித் திரும்ப முடியாது. அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை.

குறையும் அங்கேயேதான். கம்பியைக் கழற்ற மறந்து சுவிட்சை அழுத்தினால் மின் லாக்கை வளைத்த அதே பலம் இப்போது சட்டத்தைப் பிளக்கும். கண்ட்ரோலருக்குக் கம்பி இருப்பது தெரியாது. மின் லாக்கைக் கழற்றும்போது அதன் சிக்னலுக்காகக் கண்ட்ரோலர் காத்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வயரை வெட்டிவிட்டால் ஸ்லைடு நகராமலே போகலாம். வயரிங் படத்தைப் பார்த்துத்தான் கைவைக்க வேண்டும்.

எது பொருந்தும் என்பதை உங்கள் ஸ்லைடின் இயக்கமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பல்சட்டமும் பல்சக்கரமும் உள்ள மின் ஸ்லைடுகளில், மோட்டாரின் பிரேக்கே அறையைப் பிடித்து வைத்திருக்கும் அமைப்பு நிறைய உண்டு. அங்கே லாக் இரண்டாவது காவல். கம்பி தாராளமாகப் போதும். ஆனால் கையால் இழுப்பதற்காக அந்த பிரேக்கை விடுவித்தவர்கள் மறுபடி போட்டார்களா என்று பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தால் நகரும் ஹைட்ராலிக் ஸ்லைடு என்றால் கணக்கு வேறு. எண்ணெயை அடைத்து வைக்கும் வால்வு லேசாகக் கசிந்தாலும் அறை தன்பாட்டுக்கு நகரும். அந்த வண்டியில் முதலில் வால்வைச் சரிசெய்ய வேண்டும், லாக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். கம்பியை ஒரு பயணத்துக்குத் தற்காலிகமாக ஏற்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இடைவழியில் லாக் திறக்காமல் மாட்டிக்கொண்டால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரின் பின்முனையைப் பாருங்கள். ஸ்பேனர் மாட்டித் திருப்ப வசதி பல மாடல்களில் இருக்கும். இரண்டு பக்கமும் முழுதாகத் திறந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.

நான் கடைசியில் மின் லாக்கை வைத்துக்கொண்டேன், கம்பியையும் ஒன்று வாங்கினேன். கம்பி மாட்டியிருக்கும் நாட்களில் அதன் சிவப்புத் துணி ஸ்லைடு சுவிட்சின் மேல் தொங்கும். அதை விலக்காமல் சுவிட்சில் விரல் வைக்க முடியாது.