மாடல் ராக்கெட் கிட்: கட்டை நல்லது, பசை நல்லது, அந்த ரப்பர் நாடாதான் ஆகாது

பிள்ளைகள் குழுவுக்கு எந்த மாடல் ராக்கெட் கிட் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மொத்தப் பெட்டியாக வரும் சாதாரண வகையைத்தான் கேட்கிறார். அட்டைக் குழாய், பால்சா ஃபின் (லேசான மரத்தில் செய்த வால் இறக்கை), பிளாஸ்டிக் மூக்கு, சின்ன பிளாஸ்டிக் பாரசூட், 18 மி.மீ. மோட்டார் (உந்தும் மருந்து அடைத்த சின்னக் குழல்). பெட்டியில் என்ன இருக்கும், எவ்வளவு உயரம் போகும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. இந்த வகையைப் பல பருவங்களாகப் பயன்படுத்திய பிறகு எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று: மூக்கையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் நாடா. அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பால்சா ஃபின் அருமை. ஒரே துண்டாக வார்த்த பிளாஸ்டிக் வால் வைத்த கிட்டுகள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் ஒன்று உடைந்தால் கதை முடிந்தது. பால்சா உடைந்தால் மரப்பசை தொட்டு அழுத்தினால் போதும், அடுத்த வாரம் அதே ராக்கெட் பறக்கும். அதையும் பிள்ளையே செய்துகொள்ளும். மரத்தின் ரேகை ஃபின்னின் முன்விளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஓடினால் தரையில் தட்டியவுடன் முறியும். ஃபின்னைப் பிரித்தெடுத்தவுடன் குழாயில் ஒட்ட வேண்டிய விளிம்பில் பென்சிலால் ஒரு குறி போடச் சொல்லுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் குழுவில் இரண்டு பேராவது தவறான விளிம்பை ஒட்டியிருப்பார்கள். உப்புத்தாள் போடும்போதும் அந்த விளிம்பை உருட்டிவிடக் கூடாது, அது சதுரமாகவே இருக்கட்டும்.

குழாயில் நேர்கோடு போட ஸ்கேல் உதவாது, உருளும். கதவு நிலையின் உள்மூலையில் குழாயைக் கிடத்தி, விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு தப்பாது. ஒட்டும்போது இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பசை தடவி, சில நிமிடம் காயவிட்டு, மறுபடி ஒரு கோடு பசை வைத்து அழுத்த வேண்டும். அரை நிமிடத்தில் ஃபின் நிற்கும். பன்னிரண்டு பிள்ளைகள் பசை காயும்வரை ஃபின்னைப் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்பதால் குழுவுக்கு இந்த முறைதான் சரி. காய்ந்த பிறகு மூலையில் பசை வைத்து விரலால் வழித்துவிட்டால் இன்னும் உறுதி.

இனி ரப்பர்.

மோட்டாரில் A8-3 என்று போட்டிருந்தால் கடைசி எண் தாமதத்தைக் குறிக்கும். உந்தும் மருந்து எரிந்து முடிந்து மூன்று வினாடி கழித்து மேல்முனையில் இருக்கும் கருமருந்து வெடித்து, சூடான புகையை முன்பக்கமாகத் தள்ளும். மூக்கு பறக்கும், பாரசூட் வெளியே வரும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் ரப்பர் நாடாவின் ஒரே வேலை. கிட்டில் வருவதோ ஏறக்குறைய குழாய் நீளம்தான். வேகம் அடங்குவதற்குள் ரப்பர் முழுக்க நீண்டுவிடும். பிறகு மூக்கைச் சுண்டி இழுத்துக் குழாயின் வாயிலேயே கொண்டுவந்து அடிக்கும். வாய் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு நசுங்கல் விழுந்திருந்தால் அது இந்த அடிதான். நசுங்கிய வாயில் மூக்கு சரியாக உட்காராது. இறுக்கமாகச் செருகினால் அடுத்த முறை மருந்து வெடித்தும் மூக்கு கழலாது, ராக்கெட் அம்பு போலத் தலைகீழாக இறங்கும். அது பிள்ளைகள் நிற்கும் மைதானத்துக்குள் நடக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம்.

ரப்பருக்கு ஆயுளும் இல்லை. ஒவ்வொரு முறையும் சூட்டையும் கரியையும் வாங்கி விறைக்கும். பெட்டியில் சும்மா இருந்தாலும் காலப்போக்கில் வெடிப்பு விடும். விரலில் சுற்றி இழுத்துப் பாருங்கள், மேற்பரப்பில் நுண்ணிய கீறல் தெரிந்தால் அது அறுந்ததற்குச் சமம். அதைக் குழாயில் பிடிக்க வைப்பதற்கு ஒரு மடித்த காகிதம் தருகிறார்கள். இதைக் குழாய்க்குள் மூக்கின் அடிப்பாகம் எட்டாத ஆழத்தில், குறைந்தது இரண்டரை செ.மீ. உள்ளே ஒட்ட வேண்டும். சின்ன விரல் அவ்வளவு ஆழம் போகாது. விளிம்பை ஒட்டியே ஒட்டிவிடுவார்கள், மூக்கு அதில் இடித்து நிற்கும். சரியாக ஒட்டினாலும் அந்த மடிப்பு மேடாக நின்று பாரசூட் வெளிவரும் வழியை அடைக்கும்.

மாற்று வழி மலிவு, எளிது. கெவ்லார் நூலும் (சூட்டைத் தாங்கும் உறுதியான நூல்), தையல் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. எலாஸ்டிக்கும் போதும். ஒரே சிக்கல், இதை மோட்டார் கூட்டை (மோட்டாரைச் செருகும் உள்குழாயும் அதைச் சுற்றிய காகித வளையங்களும்) ஒட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். கூட்டின் முன்பக்க வளையத்தில் சின்ன வெட்டு போட்டு, நூலை அதன் வழியாக விட்டு உள்குழாயைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின் மேல் பசை வைக்கவும். நூலின் மறுமுனையைப் பெரிய குழாய்க்குள் விட்டு மேல் வாய் வழியாக வெளியே எடுத்த பிறகே கூட்டைத் தள்ள வேண்டும். தள்ளுவதிலும் ஒரு கண்டம் உண்டு. மரப்பசை பட்டவுடன் காகித வளையம் ஊறி, சில வினாடியில் குழாயைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் நின்று யோசித்தால் கூடு அங்கேயே சிக்கும், பிறகு எடுக்க முடியாது. வளையம் உட்கார வேண்டிய ஆழத்தில் நீளக் குச்சியால் பசை தடவி, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று முன்பே குறித்து வைத்து, நிறுத்தாமல் ஒரே தள்ளு. இந்த ஒரு கட்டத்தை எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையாக, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும்.

நூல் குழாய் வாயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாரசூட் இழுக்கும் வேகத்தில் அட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். வாய்க்குக் கொஞ்சம் உள்ளேயே முடித்து, அந்த முனையில் எலாஸ்டிக் கட்டவும். எலாஸ்டிக் ராக்கெட் நீளத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். கரி படிந்து விறைத்தால் அவிழ்த்து வேறு கட்டிக்கொள்ளலாம்.

பறக்கவிடுவதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் முறைக்கு A8-3 போதும். அதைவிட வலுவான C6-5 போட்டால் அடுத்த தெருவில் தேட வேண்டிவரும். கடைசி எண் 0 என்றிருக்கும் மோட்டார் மேல் அடுக்கைப் பற்றவைப்பதற்கானது, ஒற்றை அடுக்கு ராக்கெட்டில் போடவே கூடாது. பாரசூட்டுக்குக் கீழே பாரசூட்டைச் சூட்டிலிருந்து காக்கும் தீப்பிடிக்காத வாடிங் தாளை மூன்று, நான்கு, தளர்வாகக் கசக்கிப் போடவும். சாதாரண டிஷ்யூ கனலோடு புல்லில் விழும். பிளாஸ்டிக் பாரசூட்டில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, ஏவுவதற்குச் சற்று முன்புதான் மடிக்க வேண்டும். பற்றவில்லை என்றால் பெரும்பாலும் இக்னைட்டர் (மோட்டாரை மின்சாரத்தில் பற்றவைக்கும் சின்னக் கம்பி) முனை மருந்தைத் தொடாமல் இருக்கும், அல்லது இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஏவும் பொத்தான் பெட்டியின் சாவியை எடுத்துவிட்டு 60 வினாடி யாரும் கிட்டே போகக் கூடாது. ஏவும்போது அனைவரும் 5 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். ராக்கெட் நேராகக் கிளம்பப் பிடித்துக்கொள்ளும் ஏவு கம்பியின் முனை பிள்ளைகளின் கண் உயரத்தில் இருக்கக் கூடாது. ஏவாத நேரத்தில் அதற்கு மூடி போடுங்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐந்துக்கு நாலு கொடுக்க வேண்டிய கிட். கட்டை நல்லது, குழாய் நல்லது, பிள்ளைகளின் கைக்கு ஏற்றது. ஆனாலும் இரண்டுக்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு முழம் எலாஸ்டிக் கூடுதலாக வைத்தால் தீரும் குறையை வருஷக்கணக்காக அப்படியே அனுப்புகிறார்கள். உப்புத்தாள் போட்டு, வண்ணம் அடித்து, பெயர் எழுதிய ராக்கெட் முதல் பறத்தலிலேயே மூக்கு தனி, உடம்பு தனியாக விழுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்வது?

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் பழைய ரப்பரைக் காகித மடிப்பின் ஓரத்திலேயே வெட்டிவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரில் மெல்லிய காகிதத்தில் புது மடிப்பு செய்து, பென்சிலின் பின்பக்கத்தால் ஆழத்தில் அழுத்தி, நீள எலாஸ்டிக்கை அதில் பிடிக்க வைக்கலாம். குழாய் வாய் நசுங்கியிருந்தால் உருண்டையான கைப்பிடி ஏதாவது விட்டு வட்டமாக்கி, உள்விளிம்பில் தண்ணீர் போல் ஓடும் சூப்பர் குளூவைப் பெரியவர் ஒருவர் சுற்றிலும் ஊறவிட வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் இரண்டு சுற்று. தலைகீழாகப் பிடித்தால் மூக்கு விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிட வேண்டும். அந்த அளவு வரும்வரை தேயுங்கள்.